தனித்தனியாக அளந்தால் எல்லாம் சரிதான், கூட்டிப் பார்த்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்ததும் முதல் வேலை உங்கள் பேப்பரைப் பிரிப்பதுதான். புற்றுநோய், ரசாயனம் என்று நீங்கள் போடுகிற செய்திகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

செய்தி எப்போதும் ஒரே அச்சில்தான் வருகிறது. ஒரு பொருள், ஒரு ரசாயனம், ஒரு தடை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் என்று பரபரப்பாகி, புதுச்சேரியில் முதலிலும் அடுத்து தமிழ்நாட்டிலும் தடை வந்தது. நல்ல காரியம், துணிக்குப் போடுகிற சாயத்தைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பதை யார் ஆதரிப்பார்கள். ஆனால் அதோடு விஷயம் முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது, கொஞ்ச நாள் கழித்து வேறொரு பொருள் மாட்டுகிறது. இன்னொரு பக்கம் காய்கறியையோ பழத்தையோ சோதித்த செய்தி வந்தால், பெரும்பாலும் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற வரியோடு நின்றுவிடுகிறது. எந்த அளவு? ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் தனித்தனியாக வகுத்த அளவு. ஒரே கத்தரிக்காயில் ஐந்து மருந்து தெரிந்து, ஐந்தும் அதனதன் வரம்புக்குக் கீழே இருந்தால் கத்தரிக்காய் பாஸ். ஐந்தும் சேர்ந்து எவ்வளவு என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டமே கிடையாது. சாப்பிடுகிறவன் வயிற்றுக்குள் மட்டும் ஐந்தும் ஒன்றாகத்தான் போகின்றன.

நான் டாக்டர் இல்லை. தின்னர் டின்னின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை உட்கார்ந்து வாசிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். ஆனால் ரசாயனங்கள் சேரும்போது ஆபத்து எப்படி மாறுகிறது என்பது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. நம் ஊரில் கூரைக்குப் போடுகிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்நார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஷீட்டை அளவுக்கு வெட்டக் கட்டிங் மெஷினை வைத்ததும் வெள்ளைப் புழுதி கிளம்பும், அறுக்கிறவர் புருவத்திலும் மீசையிலும் படியும், வாயில் பீடி புகைந்துகொண்டே இருக்கும், மூக்கில் துண்டுகூடக் கட்டியிருக்க மாட்டார். இந்தக் காட்சியில் புழுதி ஒரு ஆபத்து, பீடி ஒரு ஆபத்து, ஆக இரண்டு ஆபத்து என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அமெரிக்காவில் இர்விங் செலிகாஃப் என்ற டாக்டரும் ஹாமண்ட் என்ற புள்ளியியல் ஆய்வாளரும், அமெரிக்கா, கனடா இரண்டு நாட்டிலுமாக ஏறத்தாழ 17,800 கல்நார்த் தொழிலாளர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1979-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கல்நார் வேலையும் பார்க்காத, புகையும் பிடிக்காத ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு 1 என்று வைத்துக்கொண்டால், கல்நார் மட்டும் இருந்தவர்களுக்கு அது 5, புகை மட்டும் இருந்தவர்களுக்கு கிட்டத்தட்ட 11, இரண்டும் இருந்தவர்களுக்கு 53. கூட்டினால் 15, 16 தான் வரும். பெருக்கினால் வருகிற எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. பிற்பாடு 2013-ல் வந்த ஆய்வில் இந்தப் பெருக்கல் எல்லோருக்கும் அவ்வளவு கூர்மையாக வரவில்லை, கல்நார் தூசியால் நுரையீரலில் தழும்பு விழுந்தவர்களிடம்தான் பெரிய எண்ணிக்கை தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. புகையை விட்ட கல்நார்த் தொழிலாளிகளுக்கு 10 வருடத்துக்குள் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு பாதியாகக் குறைந்திருந்தது. உள்ளே போன கல்நாரை யாராலும் வெளியே எடுக்க முடியாது, ஆனால் அதோடு சேர்ந்த கூட்டாளியை வெளியே அனுப்ப முடியும். நம் நாட்டில் கல்நார் தோண்டுவது நின்றுபோனாலும் இறக்குமதி செய்து ஷீட் போடுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது, எனவே இது ஏதோ வெளிநாட்டுப் பழங்கதை என்று தள்ள வேண்டாம்.

கல்நார் நமக்கு ஒத்துவராது என்றால் கடலைக்கு வாருங்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் விளைகிற கடலைதான். மழையில் நனைந்தோ சரியாகக் காயாமலோ மூட்டை கட்டினால் அதில் ஒரு பச்சைப் பூஞ்சை பிடிக்கும், அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. மக்காச்சோளம், வற்றல் மிளகாய், கொப்பரை எதிலும் வரும். இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம். ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலை வைரஸும் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் சுமார் 18,000 ஆண்களை வைத்துப் பார்த்த ஆய்வு 1990-களின் தொடக்கத்தில் வெளியானது. சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து 3.4 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு 59 மடங்கு. இதில் ஒன்று ரசாயனம், மற்றது கிருமி, ஆனாலும் இரண்டும் ஒரே ஈரலில் சந்திக்கின்றன. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிற ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு எவ்வளவு மதிப்பு என்று இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும். அப்புறம் செக்கு எண்ணெய் நல்லது என்று கடலை ஆட்டக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் தின்னத்தானே ஆகாது, எண்ணெய்க்கு ஆகட்டும் என்று ஒதுக்கி வைத்து ஆட்டாதீர்கள். ஆலையில் சுத்திகரிக்கும்போது போகிற நஞ்சு செக்கில் அப்படியே தங்கிவிடும்.

மதுவும் புகையிலையும் சேர்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, மதுக்கடை இருக்கிற இடத்தில் பெட்டிக்கடை இருக்கும், எல்லோரும் பார்க்கிறோம். 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இரண்டையும் மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து 35 மடங்குக்கும் மேல். காரணங்களில் ஒன்று என் வியாபாரத்துக்கு ரொம்பப் பழக்கமானது: இறுகின பெயிண்டைத் தின்னர் இளக்குகிற மாதிரி, வாயின் உள்தோலை மது இளக்கிவிட, புகையிலையில் இருக்கிற நச்சுகள் சுலபமாக உள்ளே இறங்குகின்றன.

சரி, இதெல்லாம் பெரிய அளவில் சேர்ந்தவை, நாம் கேட்பது துளித்துளியாகச் சேர்வதைப் பற்றி என்பீர்கள். அதற்கு முன்னால் நேர்வாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பேதி மருந்தில் சேர்க்கிறார்களே, அதே நேர்வாளக் கொட்டை. 1940-களில் ஐசக் பெரன்ப்ளம் போன்ற ஆராய்ச்சியாளர்கள் எலியின் தோலில் தார் வகையைச் சேர்ந்த ஒரு புற்றுநோய்க் காரணியை மிகக் கொஞ்சமாக ஒரே ஒரு தடவை தடவினார்கள். கட்டி ஒன்றும் வரவில்லை. வேறு எலிகளுக்கு நேர்வாள எண்ணெயை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார்கள், அங்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் அந்தக் காரணியைத் தடவி, அப்புறம் நேர்வாள எண்ணெயைத் தொடர்ந்து தடவியபோது கட்டிகள் வரிசையாகக் கிளம்பின. வரிசையை மாற்றி எண்ணெயை முதலிலும் காரணியைப் பின்னாலும் தடவினால் வரவில்லை. ஒன்று செல்லில் பழுதை உண்டாக்குகிறது, இன்னொன்று அந்தப் பழுதான செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. தனித்தனியாகச் சோதித்திருந்தால் இரண்டுமே "அளவுக்குள்" என்று சான்றிதழ் வாங்கியிருக்கும்.

புற்றுநோய் ஒரே அடியில் வருவதில்லை என்பதுதான் இதற்கு அடிப்படை. டிஎன்ஏ பழுதாக வேண்டும், பழுது பார்க்கிற ஏற்பாடு தவற வேண்டும், சாக வேண்டிய செல் சாகாமல் தங்க வேண்டும், அதற்குப் புது ரத்தக்குழாய் கிளைக்க வேண்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இதில் ஒவ்வொரு படியிலும் வேறு வேறு ரசாயனம் கை கொடுக்கலாம். ஆர்சனிக் டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் வேலையைத் தடுக்கிறது, அதனால் வேறொன்று செய்த சேதம் அப்படியே நின்றுவிடுகிறது. 2015-ல் ஹாலிஃபாக்ஸ் திட்டம் என்ற பெயரில் 28 நாடுகளைச் சேர்ந்த 174 விஞ்ஞானிகள் இந்தக் கோணத்தில்தான் 85 ரசாயனங்களைப் பார்த்தார்கள், புற்றுநோய் தருபவை என்று பட்டியலில் இல்லாத, நாம் அன்றாடம் புழங்குகிற சரக்குகள். அதில் 50 ரசாயனங்கள், நம்மைச் சுற்றி இருக்கிற குறைந்த அளவிலேயே, மேலே சொன்ன படிகளில் ஏதாவது ஒன்றைத் தூண்டக்கூடியவை என்று தெரிந்தது. 13-க்குத்தான் இந்த அளவுக்குக் கீழே ஒன்றும் செய்யாது என்று சொல்ல ஆதாரம் இருந்தது. மீதி 22-க்கு அளவு பற்றிய தகவலே இல்லை. இந்தக் கலவையால் இத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று அவர்கள் நிரூபிக்கவில்லை, இப்படியும் நடக்கலாம், பார்க்காமல் இருக்கிறோமே என்றுதான் சொன்னார்கள். இதையே "அம்பது ரசாயனம் புற்றுநோய் தரும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் பாவம் செய்கிறார்கள்.

2002-ல் லண்டனில் செய்த ஒரு சோதனை இன்னும் நேரடியானது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடிக்கிற எட்டு ரசாயனங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக வைத்தால் ஒரு விளைவும் தெரியாத அளவுக்கு நீர்த்து, ஆய்வகத்து ஈஸ்ட் செல்களில் எட்டையும் சேர்த்துப் போட்டார்கள். விளைவு நன்றாகவே தெரிந்தது. எட்டு பூஜ்யத்தைக் கூட்டினால் பூஜ்யம்தான் என்று நம் விதிகள் நம்பிக்கொண்டிருக்கின்றன.

சேர்ந்தால் எப்போதும் பெருகும் என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். சில நேரம் ஒன்றையொன்று மட்டுப்படுத்தவும் செய்யும். பென்சீன் என்ற ரசாயனம் ரத்தப் புற்றுநோய் தருவது உறுதியான விஷயம். ஆனால் பென்சீன் உடம்பில் உடைபடும்போதுதான் விஷமாகிறது, தின்னரில் இருக்கிற டொலுவீன் அதே நொதியைப் பிடித்துக்கொண்டு பென்சீன் உடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் எலிகளில் பென்சீனின் பாதிப்பு குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கலவையைக் கலவையாகச் சோதித்தால்தான் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியும்.

கலவையை மொத்தமாகவே எடைபோட்ட உதாரணம் என் தொழிலிலேயே இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989-ல் "பெயிண்டர் வேலை" என்பதையே முதல் பிரிவில், அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில் சேர்த்தது. ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை இல்லை, வேலையையே. பெயிண்டர்களுக்கு நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று எண்ணிக்கை சொல்கிறது, அது நிறமியாலா கரைப்பானாலா தேய்க்கும் தூசியாலா என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்கிற வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும், வெல்டிங் புகையை 2017-லும் இதே மாதிரி மொத்தமாகத்தான் முதல் பிரிவில் வைத்தார்கள்.

எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க வருகிற ஒரு பட்டறையைச் சொல்கிறேன், லாரி, வேன் டிங்கரிங் பெயிண்டிங். ஒரே கொட்டகை. இந்தப் பக்கம் வெல்டிங், அந்தப் பக்கம் பழைய மஞ்சள் பெயிண்டை எமரி ஷீட் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்தப் பழைய மஞ்சளில் பெரும்பாலும் ஈயக் குரோமேட் இருக்கும், ஈயம் ஒன்று, குரோமியம் ஒன்று. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி போட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, வண்டிக்கு அடிக்கிற பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. நடுவில் கம்ப்ரசர் ஓட ஸ்பிரே அடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் கையைத் தின்னரில் கழுவி, பனியனில் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிடுவார்கள், அப்புறம் ஒரு சிகரெட். இதில் எது குற்றவாளி? எதையாவது ஒன்றை அளந்து பார்த்தால் வரம்புக்குக் கீழே கூட இருக்கலாம்.

இப்போது வயலுக்கு வருகிறேன். திருமங்கலம் பக்கம் என் மச்சினனுக்கு மல்லித் தோட்டம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை எல்லாம் சரி, அந்தச் செடிக்கு எவ்வளவு மருந்து போகிறது என்று பூ வாங்குகிற யாருக்கும் தெரியாது. மொட்டுப்புழுவுக்கு ஒரு மருந்து, செம்பேனுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, இலை பச்சையாக நிற்க ஒரு டானிக். நான்கையும் மூடியில் அளந்து ஒரே டேங்கில் ஊற்றி வேப்பங்குச்சியால் கலக்கி முதுகில் மாட்டிக்கொள்வார்கள். ஊற்றும்போது நுரைத்து மேலே வந்தால் சேரவில்லை, நுரைக்காமல் கலந்துவிட்டால் சேர்ந்துவிட்டது, இதுதான் அவர்களுக்குத் தெரிந்த சோதனை. ஏன் இப்படி என்று கேட்டால், "தனித்தனியா அடிச்சா ஆள் கூலி ரெண்டு பங்கு ஆகும்ல மச்சான், மருந்துக் கடைக்காரரே சேத்து அடிங்கன்னுதான் சொல்றாரு" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பூ விலை விழுகிற நாளில் பறிகூலிகூடத் தேறாது. மறுநாள் விடியுமுன் அதே செடியில் கைவிட்டு மொட்டு பறிக்கிற பெண்களில் பாதிப் பேர் வாயில் வெற்றிலையோடு புகையிலையும் இருக்கும்.

கம்பெனியிலேயே கலந்து கடையில் விற்கிற மருந்தும் உண்டு. குளோர்பைரிபாஸ் 50 சதவீதம், சைபர்மெத்ரின் 5 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. அதை ஏன் கலக்கிறார்கள் என்று பாருங்கள். சைபர்மெத்ரினை உடைத்துத் தப்பிக்கப் புழுவின் உடம்பில் சில நொதிகள் இருக்கின்றன, முதல் மருந்து அந்த நொதிகளை முடக்கிவிடும், இரண்டாவது மருந்து தடையில்லாமல் வேலை செய்யும். அதே வகை நொதிகள்தான் மனிதனுக்கும் இருக்கின்றன. சேர்ந்தால் வீரியம் கூடும் என்பதுதான் அந்த மருந்தின் விற்பனைப் பேச்சே. புழு என்று வரும்போது சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, மனிதன் என்று வந்ததும் ஏன் தனித்தனியாக அளக்கத் தோன்றுகிறது? எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

கூட்டிப் பார்ப்பது முடியாத காரியம் என்று அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள், ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். 2003-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானத்திலும் பூச்சிமருந்து இருப்பதை வெளியிட்டு நாடே அமளிப்பட்டதே, அதன் பிறகு பாட்டில் தண்ணீருக்கு ஐரோப்பாவில் இருக்கிற விதியையே இங்கேயும் எடுத்துக்கொண்டார்கள். எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.5-க்கு மேல் கூடாது. எல்லாம் சேர்ந்து என்கிற அந்த இரண்டு வார்த்தைதான் நான் கேட்பது. நம் வீட்டுக் கேன் தண்ணீருக்கு, முத்திரை உள்ள கம்பெனி என்றால், இந்த விதி பொருந்தும். ஆனால் குழாயில் வருகிற குடிதண்ணீருக்கான இந்தியத் தரத்தில், 2012-ல் திருத்தியதில், பூச்சிமருந்துகள் வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் இருக்கின்றன, கூட்டுத்தொகை வரம்பு கிடையாது. அதில் மாலத்தியானுக்கு அனுமதி லிட்டருக்கு 190 மைக்ரோகிராம். கேன் வாங்கிக் குடிக்கிறவனுக்கு 0.1, குழாயில் பிடித்துக் குடிக்கிறவனுக்கு 190. கொசு ஒழிக்கவும் பயன்படுகிற இதே மாலத்தியானைத்தான் அந்த லியோன் முகமை 2015-ல் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது. நம் குழாயில் அவ்வளவு இருக்கிறது என்று சொல்லவில்லை. இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை என்றுதான் சொல்கிறேன்.

காற்றிலும் இதே கதை. காற்றுத் தரக் குறியீடு என்று ஒரு எண்ணைப் போடுகிறீர்கள், வாசகர்கள் அது எல்லா மாசையும் கூட்டின மொத்தம் என்று நினைக்கிறார்கள். கிடையாது. எட்டு மாசுகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதில் எது மோசமோ அதை மட்டும் எடுத்து மொத்தக் குறியீடாக வைக்கிறார்கள். ஒன்று மோசமாகவும் ஏழு நன்றாகவும் இருந்தாலும் 150, எட்டும் ஒரே அளவுக்கு மோசமாக இருந்தாலும் 150. பென்சீன் அந்த எட்டிலேயே இல்லை, நாட்டின் காற்றுத் தர விதிகளில் 2009 முதல் அதற்கு வரம்பு இருந்தும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க நின்று டிக்கெட் கூவுகிறவருக்கு அந்த எண் என்ன சொல்லும்?

வேலை செய்கிற இடத்துக்கு அமெரிக்காவில் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள், பத்தாவது படித்தவர் போடக்கூடியது. காற்றில் இருக்கிற ஒவ்வொரு ரசாயனத்தின் அளவையும் அதன் வரம்பால் வகுக்க வேண்டும், வந்த பின்னங்களை எல்லாம் கூட்ட வேண்டும், 1-ஐத் தாண்டினால் வரம்பு மீறல். நம் பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்து அட்டவணையில் டொலுவீனுக்கும் சைலீன் என்ற இன்னொரு கரைப்பானுக்கும் வரம்பு தலா 100 பிபிஎம் என்று இருந்தது. ஒரு ஸ்பிரே அறையில் இரண்டும் 60, 60 இருக்கிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பாஸ். கூட்டினால் 1.2, ஃபெயில். இந்த இரண்டும் நரம்பைத்தான் முதலில் தாக்கும், புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை, கணக்கு புரிவதற்காகச் சொன்னேன். மூன்று பேர் வேலை பார்க்கிற பட்டறைக்கு அந்தச் சட்டமே எட்டவில்லை என்பது தனிக் கதை.

இதையெல்லாம் எழுதியதால் ரசாயனமே வேண்டாம், எல்லாம் விஷம் என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என் பிழைப்பே தின்னரிலும் வார்னிஷிலும்தான் ஓடுகிறது. மனிதர்களில் அளந்து தெரிந்த பெரிய கூட்டணிகளில் பலவற்றில் புகையிலை ஒரு பங்காளி, ஆகவே கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டுவிட்டு சிகரெட் பற்றவைக்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் புகைக்காத, குடிக்காத, வெறுமனே சாப்பிட்டு மூச்சுவிட்டு வேலை பார்க்கிற ஆட்களுக்கும் ஒரு கணக்கு உண்டில்லையா, அதைத்தான் யாரும் போடவில்லை.

மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. காய்கறி மாதிரிகளைச் சோதித்து அறிக்கை தரும்போது, ஒரே மாதிரியில் எத்தனை மருந்து தெரிந்தது, ஒவ்வொன்றும் அதன் வரம்பில் எத்தனை பங்கு, எல்லாப் பங்கும் கூட்டினால் எவ்வளவு என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்க்க எந்தப் புது மெஷினும் வாங்க வேண்டாம், எண்கள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கின்றன. ஒத்தக்கடை விவசாயக் கல்லூரி, மல்லிக்கும் கத்தரிக்கும் எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு அட்டை அச்சடித்து மருந்துக் கடைகளில் தொங்கவிடலாம், இப்போது அந்த அறிவுரையைச் சொல்வது சரக்கு விற்கிறவர்தான். குழாய்த் தண்ணீருக்கும் கேன் தண்ணீர் மாதிரியே கூட்டுத்தொகை வரம்பு வேண்டும் என்று நம் தொகுதி எம்.பி. பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்.

உங்கள் நிருபர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை யாராவது அதிகாரி "எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொண்டு வராமல், ஒரு மாதிரியில் எத்தனை மருந்து இருந்தது, கூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டு, அவர் சொல்கிற பதிலையும் சேர்த்துப் போடுங்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயிண்ட் கடைக்காரர்,
கீழவாசல், மதுரை.